வாசகர் கேள்வி – பதில்: சாவி யாரிடம் இருக்கிறது?

சித்தூர் வட்டத்திலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் பல, கைப்பேசியில் அரசியல் பேசுவதைப் பற்றியவை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகளின் தன்மை கருதி எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொள்ளாச்சியில் இருக்கும் என் அண்ணன் வீட்டாரும் சித்தூரில் இருக்கும் என் கணவர் வீட்டாரும் இருக்கிறார்கள். ஆழியாற்றுத் தண்ணீர், இரு மாநில அரசுகளின் போக்கு என்று காரசாரமாகப் பேசிக்கொள்வோம். நாம் எழுதுவதையெல்லாம் அரசாங்கம் படிக்கிறது என்கிறார் என் கொழுந்தனார். டெலிகிராமுக்கு மாறிவிட்டால் பயமில்லை என்கிறார் என் மருமகன். யார் சொல்வது சரி?

மருமகன் சொல்வது தவறு. கொழுந்தனார் சொல்வதில் ஒரு பகுதி சரி.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் எல்லா உரையாடல்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கைப்பேசியும் தனக்கென ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கிக்கொண்டு, பூட்டுவதற்கு உதவும் சாவியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, திறக்கும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்று எளிமையாகச் சொல்லலாம். உங்கள் அண்ணன் பொள்ளாச்சியில் எழுதும் வரி அவருடைய கைப்பேசியிலேயே பூட்டப்பட்டுப் புறப்பட்டு, உங்கள் கைக்கு வந்த பிறகே திறக்கப்படுகிறது. நடுவில் அதைச் சுமந்துவரும் நிறுவனத்துக்கும், இணைய இணைப்பைத் தரும் தொலைபேசி நிறுவனத்துக்கும் அது பொருளற்ற எழுத்துக் குவியல்தான். ஆகவே உங்கள் குழுவின் பேச்சை வழியில் மறித்துப் படிப்பது அரசுக்கும் இயலாது. ஐயம் இருந்தால், அண்ணனை நேரில் பார்க்கும்போது இருவர் கைப்பேசியிலும் உள்ள 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுவில் எவரும் இல்லை என்று பொருள்.

டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் இந்தப் பூட்டு கிடையாது. அங்கே நீங்கள் எழுதுவது நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கப்படுகிறது, சாவியும் நிறுவனத்திடமே இருக்கிறது. இருவருக்கு இடையிலான ‘ரகசிய உரையாடல்’ என்ற வசதியைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே முனைக்கு முனை மறையாக்கம் கிடைக்கும். குழுவுக்கு அந்த வசதி இல்லை. மாறத்தான் வேண்டுமென்றால் சிக்னல் என்ற செயலிக்கு மாறுங்கள். வாட்ஸ்அப் பயன்படுத்தும் மறையாக்க முறையே சிக்னலை உருவாக்கியவர்களுடையதுதான். 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணையின்படி ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களிடம் கொடுப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை.

கொழுந்தனாரின் அச்சத்தில் உண்மையான பகுதிக்கு வருகிறேன். பூட்டுக்குள் இருப்பது பேச்சின் உள்ளடக்கம் மட்டுமே. யார் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசினார்கள், எந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பன போன்ற சுற்றுவிவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். உரிய சட்ட ஆணை வந்தால் அவை அரசின் கைக்குப் போகலாம். கூகுள் டிரைவில் தானாகச் சேமிக்கப்படும் பேக்கப்புக்கு இந்தப் பூட்டை நாமாகப் போட்டால்தான் உண்டு. 2021 முதல் அந்த வசதி அமைப்புகளில் இருக்கிறது, இன்றே போட்டுவிடுங்கள். குழுவில் ஒருவர் ஒரு செய்தியைப் பற்றி நிறுவனத்திடம் புகார் அளித்தால், அண்மைச் செய்திகள் சில நிறுவனத்தின் பார்வைக்குச் செல்லும். கைப்பேசிக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால், திறந்த பிறகு படிப்பதால், எந்தப் பூட்டும் பயன்படாது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டையின் வழியாகச் சுமார் 1,400 கைப்பேசிகள் பெகாசஸ் மென்பொருளுக்கு இலக்காயின என்று அந்நிறுவனமே வழக்குத் தொடுத்தது. நம் உச்ச நீதிமன்றம் 2021இல் அமைத்த தொழில்நுட்பக் குழு ஆராய்ந்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது; ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படவில்லை.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு அருகில் இருக்கும் ஆபத்து ஸ்கிரீன்ஷாட். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் குழுவில் இரண்டு பத்தி எழுதினேன். பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி வந்தாக வேண்டும், அதை நம்பியே சித்தூர்ப் புழையின் பாசனம் இருக்கிறது என்பது முதல் பத்தி. வறண்ட ஆண்டில் பொள்ளாச்சி உழவர் படும் பாட்டையும் எண்ணாமல் கணக்கு மட்டும் பேசுவது முறையல்ல என்பது இரண்டாம் பத்தி. முதல் பத்தியை மட்டும் யாரோ படம்பிடித்துப் பொள்ளாச்சிப் பக்கத்துக் குழுக்களில் போட்டார்கள். நான் கேரளத்துக்கு விலைபோனவன் ஆனேன். இரண்டாம் பத்தி மட்டும் இங்கே சித்தூர்ப் பக்கம் சுற்றியது. நான் இருந்து தின்னும் ஊருக்கு இரண்டகம் செய்பவன் ஆனேன். மறையாக்கம் தன் வேலையைப் பிழையின்றிச் செய்திருந்தது. செய்தியைத் திறக்கும் உரிமை பெற்ற ஒருவர்தான் அதை வெளியே கொண்டுபோனார். அதன்பின் குழுக்களில் அரசியல் பேசுவதை நான் நிறுத்திவிடவில்லை. ஆனால் ஒரு கருத்தின் இரு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதப் பழகிக்கொண்டேன். என் வாக்கியங்கள் நீண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடை உரிமையாளர், மீனாட்சிபுரம்: ஊர்க்குழு ஒன்றுக்கு நான் அட்மின். ஓர் அரசியல் தலைவரைப் பற்றி இழிவான படம் ஒன்றை உறுப்பினர் ஒருவர் பகிர்ந்துவிட்டார். வழக்கு வந்தால் என் மேலும் பாயுமா?

அட்மின் என்பதற்காக மட்டும் பாயாது. உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மினைக் குற்றப் பொறுப்பாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதற்குச் சற்று முன்னர், 2021 டிசம்பரில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் சொல்லியிருந்தது. எல்லையின் இருபுறமும் சட்டம் உங்களுக்கு ஆதரவாகவே இருக்கிறது. ஆயினும் அட்மினுக்குள்ள தனி அதிகாரம் உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் என்பதைக் கேரளத் தீர்ப்பு ஒரு காரணமாகக் காட்டியது. இப்போது பிறர் பதிவை எல்லோருக்குமாக அழிக்கும் வசதியும் உங்கள் கையில் இருக்கிறது. படத்தை அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இழிவுபடுத்துவதும் கடுமையாக விமர்சிப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை அரசுகளே அழிக்கப் பார்த்ததுண்டு. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாதென அறிவித்தபோது, கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவையும் சேர்த்தே நீக்கியது. அப்படியிருந்தும் 2020 நவம்பரில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கேரள அரசு கொண்டுவந்தது. இழிவான பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் இத்தகைய சட்டத்தின் மீது ஆசை வருகிறது என்பதால், எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவரும் இதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கல்லூரி மாணவர், வேலந்தாவளம்: “நேர்மையானவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? முதலில் அனுப்பியவன் யார் என்று அரசு கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதானே” என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?

அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 2021 ஏப்ரல் 6 அன்று கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தன. அன்று வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்திய உங்கள் அப்பா எந்தக் குற்றத்தை மறைத்தார்? நேர்மையானவர் பண்ணையாருக்கும் முதலாளிக்கும் உறவுக்கும் அஞ்சாமல் தன் மனத்தின்படி முடிவெடுப்பதற்காகவே அந்த மறைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. கருத்து உருவாகும் இடத்துக்கும் அதே மறைப்பு வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு மாதம், யாருக்கு வாக்களிப்பது என்று நண்பனோடு விவாதித்து, தவறாகப் பேசி, பின் திருத்திக்கொள்ளும் இடம்தான் அந்த உரையாடல்.

நம் நீதிமன்றங்கள் இந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆனது. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கில் ஆதாரமில்லாமல் விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவை, கண்காணிப்பு என்ற பெயரில் காவலர்கள் இரவில் வந்து தட்டினார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையைத் தவறென்றது. ஆனால் அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொல்லிவிட்டது. ஆந்திரத்துக்காரரான நீதிபதி சுப்பா ராவ் அதற்கு மாறுபட்டு எழுதினார். 55 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர்.

ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துச் சொல்ல வாட்ஸ்அப் போன்ற நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மத்திய அரசின் விதி 2021 பிப்ரவரியில் வந்தது. பாலியல் வன்முறை, நாட்டின் பாதுகாப்பு போன்ற கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும், செய்தியின் உள்ளடக்கத்தைக் கேட்கமாட்டோம் என்று அரசு சொல்கிறது. அப்பாவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவரை, வாட்ஸ்அப்பில் பரவிய குழந்தைக் கடத்தல் வதந்தியை நம்பிய கூட்டம் அடித்தே கொன்றது. அந்த வதந்தியைக் கிளப்பியவரைத் தேடுவது நியாயம். ஆனால் ஒரு கடிதத்தை முதலில் எழுதியவர் யார் என்று பின்னொரு நாள் சொல்ல வேண்டுமானால், தபால் நிலையம் இன்றே எல்லோருடைய கடிதங்களுக்கும் அடையாளக் குறிப்பு எழுதி வைத்தாக வேண்டும். குற்றவாளி ஒருவருக்காகக் கோடிக்கணக்கானவர்களின் பேச்சுக்குப் பதிவேடு போடுவதுதான் இதன் விளைவு. வெளிநாட்டிலிருந்து வந்த செய்தியென்றால் இந்தியாவுக்குள் முதலில் பகிர்ந்தவரையே தொடக்கக்காரராகக் கொள்ள வேண்டும் என்றும் விதி சொல்கிறது. துபாயில் இருக்கும் பெரியப்பா அனுப்பியதை நீங்கள் நம்பிப் பகிர்ந்தால், தொடக்கக்காரர் நீங்கள்தான். வாட்ஸ்அப் இந்த விதியை எதிர்த்து 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் கூறினார்.

பூட்டை உடைக்காமலும் வதந்தியைத் தடுக்கலாம். 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. அதற்கு யாருடைய பேச்சையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு இது மற்றவர்களைவிட நெருக்கமான செய்தி. முல்லைப் பெரியாறு என்றால் இங்கே ஒரு கருத்தும் அங்கே ஒரு கருத்தும்தான் வெளியே சொல்லத்தக்கவை. இரண்டிலும் பொருந்தாமல் தன் அறிவுக்குப் பட்டதை எண்ணுகிறவர், அதை முதலில் ஒருவரிடமாவது அஞ்சாமல் சொல்லிப் பார்க்க இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத ஊரில் மூன்றாவது கருத்தே பிறக்காது.

இல்லத்தரசி, கோபாலபுரம்: அச்செடுக்கப் போன கம்ப்யூட்டர் சென்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டேன். தேர்தல் பற்றி என் தங்கையோடு பேசியதை அங்கே யாரோ படித்ததாகத் தெரியவருகிறது. என்ன செய்யலாம்?

கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்துக்குப் போங்கள். உங்கள் கணக்கு எந்தெந்தக் கணினியில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் தொட்டு வெளியேற்றுங்கள். பிறகு ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்பதில் ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். இனி அச்செடுக்க வேண்டிய தாளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தங்கையிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்; படிக்கப்பட்டது அவருடைய பேச்சும்தான்.