பெட்டியில் என்ன நம்பர் போடட்டும்?

ஹாங்காங்கில் வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வான்சாய் மாநாட்டு மையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்கும். போன அக்டோபரில் அங்கே போய்வந்ததைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். அதிலிருந்து வருகிற கடிதங்களில் முக்கால்வாசி சீப்பான சாமான்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

"மூன்று டாலருக்கு இயர்பட்ஸ் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் ஒரு நடை போய் வீட்டுக்கு நாலு வாங்கி வரலாமா?" – கோவில்பட்டி வாசகர்

வியாபாரி என்றால் போகலாம், வீட்டுக்கு நாலு வாங்கத்தான் முடியாது. அது வியாபாரிகளுக்கான சந்தை, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வியாபாரிகளை மட்டும்தான் உள்ளே விடுவார்கள், ஸ்டாலில் நின்றால் முதலில் விசிட்டிங் கார்டைக் கேட்பார்கள். மூன்று அமெரிக்க டாலர் என்பது ஐந்நூறோ ஆயிரமோ எடுத்தால் ஷென்ஜென் துறைமுகத்தில் கொடுக்கிற விலை. கப்பல், சுங்க வரி, 18 சதவீத ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். கடைசி நாள் சாயங்காலம் மட்டும் ஒரு கூத்து நடக்கும். சாம்பிள்களைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக சோம்பல்பட்டு கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அது நாலு நாளாக ஊரே கையில் எடுத்துப் பார்த்த பீஸ், வாரண்டி கிடையாது, சார்ஜர் இருந்தால் அந்த ஊர் மூணு சதுர முள் பிளக்கோடு இருக்கும். டிக்கெட் காசுக்கு இங்கேயே நாற்பது வாங்கலாம் சார்.

"இரைச்சலைக் குறைக்கும் இஎன்சி என்று போட்டிருந்ததை நம்பி இயர்பட்ஸ் வாங்கினேன். பஸ்ஸில் போட்டால் ஹாரன் சத்தம் அப்படியே கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?" – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பாதி ஏமாந்தீர்கள். இஎன்சி வேலை செய்கிறதுதான், ஆனால் உங்களுக்காக இல்லை. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தைக் குறைத்து எதிர்முனையில் இருப்பவருக்கு அனுப்புவது இஎன்சி. உங்கள் காதுக்குள் வரும் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி. பின்னதற்கு வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து அதற்கு நேர் எதிரான ஒலியலையை உடனுக்குடன் உண்டாக்க வேண்டும், அதற்கேற்ற சிப் வேண்டும், விலை ஏறும். ஒரே எழுத்துதான் வித்தியாசம் என்பதால் பெட்டியில் இஎன்சியைப் பெரிசாகப் போட்டுவிடுகிறார்கள். பொய் என்று சண்டையும் போட முடியாது பாருங்கள்.

"50,000 எம்ஏஎச் பவர் பேங்க் 899 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?" – தஞ்சாவூர் வாசகர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கண்காட்சியில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் பவர் பேங்க் ஸ்டாலில்தான். ஒரு தொழிற்சாலைக்காரப் பெண், கையில் கால்குலேட்டர், என்னை வியாபாரி என்றே நினைத்துவிட்டார். உள்ளே 10,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு) செல், இந்த விலை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அப்புறம் பெட்டியைக் காட்டி, "இதில் என்ன நம்பர் போடட்டும்?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார், பேனாவும் தயாராக இருந்தது. அங்கே தொழிற்சாலை பொய் சொல்வதில்லை, வாங்குகிறவரிடம் பொய் சொல்லி அதற்கு என்ன பிரயோஜனம்? பொய்யை ஆர்டர் கொடுத்து அச்சடிக்கிறவர் நடுவில் இருக்கிறார்.

நேர்மையான 10,000 எம்ஏஎச்கூட உங்கள் போனுக்கு 10,000 கொடுக்காது. அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்டது, அதாவது மொத்தச் சக்தி 37 வாட் ஹவர். வெளியே 5 வோல்ட்டாக மாறும்போது 7,400 ஆகிறது, மாற்றும்போது சூடாகிப் போவதைக் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். நல்ல கம்பெனிகள் இதை 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்கும்போது அந்த வரியைத் தேடுங்கள். 5,000 எம்ஏஎச் போனை ஒன்றேகால் தடவையாவது நிரப்பினால் அந்தப் பவர் பேங்க் யோக்கியமானது.

50,000 உண்மையா என்று பார்க்க மளிகைக்கடைத் தராசு போதும். 10,000 எம்ஏஎச் உள்ள ஒன்று சுமார் 200 கிராம் இருக்கும், அப்படியானால் 50,000 ஏறக்குறைய ஒரு கிலோ இருந்தாக வேண்டும். நீங்கள் சொல்வது உள்ளங்கையில் அடங்குகிறது என்றால் முடிந்தது கதை. இன்னொரு வேடிக்கை, விமானத்தில் 100 வாட் ஹவர் வரைதான் தாராளமாக விடுவார்கள், 160 வரை கேட்டுக்கொண்டு கொண்டுபோகலாம், அதற்கு மேல் கிடையாது. 50,000 என்றால் 185 வாட் ஹவர். உள்ளே இல்லாத கரண்டுக்காக ஏர்போர்ட்டில் பறிகொடுப்பீர்கள்.

"சோலார் பேனல் வைத்த பவர் பேங்க்?" – ராமநாதபுரம்

உங்கள் ஊர் வெயிலுக்கே கட்டாது. உள்ளங்கை அகலப் பேனல் உச்சி வெயிலில் ஒன்றரை வாட் கொடுத்தால் பெரிசு, 37 வாட் ஹவர் நிரம்ப ஒரு வாரம் மொட்டை மாடியில் காயவைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி வற்றல் இல்லை, அப்படி வெயிலில் காயவைக்கக் கூடாது.

"4கே சப்போர்ட் என்று போட்ட மினி புரொஜெக்டரில் கிரிக்கெட் ஸ்கோர்கூடப் படிக்க முடியவில்லை." – நாகர்கோவில் வாசகர்

'சப்போர்ட்' என்ற சொல்தான் வில்லன். 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான், காட்டுவது தன்னால் முடிந்த அளவில். 'நேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் 854க்கு 480 என்றிருக்கும், அது முழு எச்டி புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கும் இதே கதைதான், வெறும் லூமென் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை விட்டுவிட்டு 'ஆன்சி லூமென்', அதாவது ஒரு பொது விதிப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். நான் பார்த்த ஸ்டால்களில் அதைக் கேட்டதும் எண் சட்டென்று நூறுகளுக்கு இறங்கியது.

"என் அப்பாவுக்குச் சர்க்கரை. ஊசி குத்தாமல் சுகர் பார்க்கும் வாட்ச் 1,500 ரூபாய்க்கு வருகிறதே?" – மதுரை வாசகி

வேண்டாம்மா. விளையாட்டு இல்லை இது. அப்படித் தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது. தோலைத் துளைக்கும் மெல்லிய இழை உள்ள சென்சாரை ஒட்டி, அது அனுப்பும் எண்ணை வாட்சில் காட்டுவது வேறு, அது நிஜம், விலையும் வேறு. மலிவு வாட்ச் ஒன்றைச் சுருட்டிய டிஷ்யூ பேப்பரில் கட்டிப் பார்த்தேன், நாடித்துடிப்பு 74 என்றது. அந்த எண்ணைப் பார்த்து அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

"டைப் சி போர்ட் இருக்கிற டிரிம்மர் போன் சார்ஜரில் ஏறவே மாட்டேன் என்கிறது." – சேலம்

பழுது இல்லை, கஞ்சத்தனம். இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளில், எதிரில் ஒரு சாதனம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் கரண்ட் விடும். அதைத் தெரிவிக்க சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். சில பைசா சாமான், அதையும் விட்டுவிடுகிறார்கள். பழைய அகல யுஎஸ்பி சார்ஜர் இதெல்லாம் கேட்காது, எப்போதும் 5 வோல்ட் கொடுக்கும். ஒரு முனை அகல யுஎஸ்பியும் மறுமுனை டைப் சியும் உள்ள கேபிளில் அந்தச் சார்ஜரில் போடுங்கள், ஏறும்.

"சொந்தப் பெயரில் 500 இயர்பட்ஸ் இறக்கி விற்க ஆசை." – திருச்சி இளைஞர்

ஆசை நல்லதுதான் தம்பி, பெயர் அச்சடித்துத் தருவதற்கு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஒரே மோல்டு, நாற்பது பெயர். தடை இங்கேதான். 2012இல் ஓர் ஆணையோடு தொடங்கிய கட்டாயப் பதிவுத் திட்டத்தின் பட்டியலில் பவர் பேங்க், சார்ஜர், ஸ்மார்ட் வாட்ச், வயர்லெஸ் இயர்போன் எல்லாம் அடுத்தடுத்துச் சேர்ந்துவிட்டன. அந்தத் தொழிற்சாலை இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சாம்பிளை இந்தியாவில் சோதனை செய்ய வேண்டும், 'ஆர்' என்று தொடங்கும் எண் பொருளில் இருக்க வேண்டும். புளூடூத் இருப்பதால் தொலைத்தொடர்புத் துறை அனுமதி வேறு. 500 பீஸுக்கு இது கட்டுபடியாகாது. முதலில் பேட்டரியும் புளூடூத்தும் இல்லாத போன் ஸ்டாண்ட் மாதிரி ஏதாவது செய்து பாருங்கள். மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன், அந்த ஆர் எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பார்க்கலாம், ஒரு நிமிஷ வேலை.

"இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் என்ன வாங்கி வந்தீர்கள்?" – பெயர் போடாத கடிதம், வேலூர் தபால் முத்திரை

கழுத்தில் மாட்டும் ஃபேன். கடைசி நாள் சாயங்காலம், ஐம்பது ஹாங்காங் டாலர், பேரம் பேசி நாற்பது. தோசை சுடும்போது மனைவி மாட்டிக்கொள்கிறார், காற்று நன்றாகவே வருகிறது. டைப் சி கேபிளில் மட்டும் ஏறவில்லை. அதற்காகப் பழைய சார்ஜர் ஒன்றை மிக்ஸிக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம்.