கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் அகலமான நிழல்: சிடி தேவையா?

சளிக்கு அம்பாசமுத்திரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் உங்கள் ஐந்து மாத மகளுக்கு இதயத்துக்கு மேலே அகலமான நிழல் தெரிகிறது, உடனே சிடி எடுக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த வயதில் பெரும்பாலும் அது தைமஸ் சுரப்பிதான், அதாவது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும், நோய் எதிர்ப்புக்கு உதவும் சுரப்பி. பெரிதாக இருப்பதே இயல்பு. அழுது மூச்சை வெளியே விடும்போது படம் எடுத்தால் இன்னும் அகலமாகத் தெரியும்.

தைமஸ் மெத்தென்றது. விலா எலும்பு அழுத்தும் இடத்தில் அதன் ஓரம் அலை அலையாக வளையும், மூச்சுக்குழாயை நசுக்காது. கட்டி என்றால் நசுக்கலாம். இதை டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

அப்புறம், முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்றும் கேளுங்கள். நெஞ்செலும்பு முழுதாக இறுகாத வயது என்பதால் சுரப்பி நன்றாகத் தெரியும், கதிர்வீச்சும் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் படத்தைக் காட்டுங்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் இந்த இயல்பான சுரப்பியையே நோய் என்று நினைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

மல்லாக்கப் படுத்தால் மூச்சுத் திணறல், முகம் வீக்கம், உதடு நீலம் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.