விதை முளைப்பை ப்ராஜெக்ட்டாகச் செய்வது: மழலையர் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

தீம் வாரம், ப்ராஜெக்ட் இரண்டும் ஒன்றுதானே? (எல்.கே.ஜி. ஆசிரியை, ஈரோடு)

இல்லை. 'பழங்கள் வாரம்' என்று நாம் தேதி குறித்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஆப்பிளுக்கு வண்ணம் தீட்டினால் அது தீம். அவர்கள் கேட்ட கேள்விக்கு அவர்களே தொட்டு, பார்த்து, சோதித்து விடை தேடினால்தான் ப்ராஜெக்ட். மழலையர் கல்வி அறிஞர்களான லிலியன் காட்ஸ், சில்வியா சார்ட் இருவரும் 1989இல் எழுதிய நூலின் வழியில் இதற்கு மூன்று கட்டங்கள். முதலில் தெரிந்ததைப் பேசி, வரைந்து, கேள்விகளைத் திரட்டுவது. பிறகு தேடுவது. கடைசியில் கண்டதைப் பிறருக்குக் காட்டுவது. பலர் முதல் கட்டத்தை அரை மணியில் முடித்துவிடுகிறார்கள். "விதைக்குள்ள என்ன இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்க மூன்று நாள் ஆனாலும் காத்திருங்கள்.

25 பிள்ளைகள். குறைந்த செலவில் எப்படிச் செய்வது? (அங்கன்வாடிப் பணியாளர், ராமநாதபுரம்)

ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு நான்கு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளர் கொடுங்கள். டம்ளருக்குப் பத்து முழுப் பச்சைப்பயறு; உடைத்த பருப்பு முளைக்காது. மருந்துக்கடைப் பஞ்சு வாங்குங்கள். இலவம்பஞ்சு தண்ணீரை உறிஞ்சாது. விதையைப் பஞ்சுக்கும் டம்ளர் சுவருக்கும் நடுவில் செருகினால் வேர் இறங்குவது வெளியே தெரியும்.

முதல் டம்ளரில் உலர்ந்த பஞ்சு. இரண்டாவதில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. மூன்றாவதில் விதை மூழ்கத் தண்ணீர். நான்காவது, இரண்டாவதைப் போலவே, ஆனால் மூடிய அலமாரிக்குள்.

விதையை முன்னிரவே ஊறவைக்காதீர்கள். ஊறிய விதை உலர்ந்த பஞ்சிலும் முளைவிட்டு, சோதனையே கெட்டுவிடும். திங்களன்று தொடங்கினால் முளை விடுமுறைக்கு முன்பே வந்துவிடும். தினமும் காலையில் இரண்டாம், நான்காம் டம்ளர்களின் பஞ்சைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு கரண்டி தண்ணீர். பஞ்சு சொதசொதவென்றிருந்தால் விதை அழுகி நாறும்.

குன்றிமணி, ஆமணக்கு, அரளி விதைகள் வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது. மூன்றும் விஷம்.

முளைக்கச் சூரிய ஒளி வேண்டுமே? நான்காவது டம்ளரால் தவறாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள். (ஆசிரியர், தஞ்சாவூர்)

பயறு முளைக்கத் தண்ணீர், காற்று, போதுமான வெப்பம் இருந்தால் போதும். வீட்டில் முளைகட்டும்போது துணியில் இறுக்கி மூடித்தானே வைக்கிறோம்? ஒளி தேவைப்படுவது அதற்குப் பிறகான வளர்ச்சிக்கு. மூழ்கிய டம்ளரில் முளை எட்டிப்பார்த்தாலும் காற்றுப் போதாமல் அழுகும்.

"ராத்திரில விதை தூங்கிடும், அலமாரில முளைக்காது" என்கிறாள் ஒரு சிறுமி. திருத்த வேண்டாமா? (யு.கே.ஜி. ஆசிரியை, மதுரை)

வேண்டாம். அவள் சொன்ன சொல் மாறாமல், அவள் பெயரோடு சுவரில் ஒட்டும் சார்ட்டில் எழுதுங்கள். மூன்றாம் நாள் அவளையே அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள்.

மறுபடியும் தஞ்சாவூர். அலமாரிச் செடிதான் உயரமாக இருக்கிறது. 'இருட்டுதான் நல்லது' என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்களே!

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ப்ராஜெக்ட்டை இங்கே நிறுத்தினால்தான் நீங்கள் அஞ்சுவது நடக்கும். "நிறம் என்ன? தண்டைத் தொட்டால் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வெளுத்து, மெலிந்து, சாய்ந்திருப்பதை அவர்களே சொல்வார்கள். பாதி டம்ளர்களை ஜன்னலருகே வையுங்கள். ஓரிரு நாளில் இலை பச்சையாகும். மீதி உள்ளேயே இருக்கட்டும். பருப்பில் சேமித்திருந்த உணவு தீர்ந்ததும் துவண்டு விழும். உயரத்தை நூலால் அளந்து சார்ட்டில் ஒட்டுவதோடு நிறத்தையும் வரையச் சொன்னால், 'உயரமே நல்லது' என்ற முடிவு தானே ஆட்டம் காணும்.

குன்றிமணி அழகாக இருக்கிறதே, எண்ணுவதற்கு மட்டும் தரலாமா? (திருநெல்வேலி)

தரக் கூடாது. மேலேயே எழுதியிருக்கிறேன்.

பெற்றோர் 'அ, ஆ எப்போது?' என்கிறார்கள். (சேலம்)

டம்ளரில் பெயர் ஒட்டுவது எழுத்து. பத்தில் எத்தனை முளைத்தன என்று கோடு போடுவது கணக்கு. அந்தத் தாள்களையே காட்டுங்கள்.

என் மகனுக்கு இரண்டு வயது. பேச்சு வரவில்லை. இது உதவுமா? (கரூர்)

குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் பயறு கையில் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வான். மாங்கொட்டை கொடுங்கள்.