இறையியலும் சபை வரலாறும் சொந்தமா படிக்க எங்க ஆரம்பிக்கலாம்? படிச்சா விசுவாசம் போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

எனக்கும் அதையே தான் சொன்னாங்க. பத்து வருஷத்துக்கு மேல படிச்சுட்டு இருக்கேன், இன்னும் ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போறேன், விசுவாசப் பிரமாணத்த முன்ன வாய் மட்டும் சொல்லும், இப்ப ஒவ்வொரு வார்த்தைக்கும் மனசு நின்னு போகுது.

ஆனா ஆரம்பிச்ச இடம் தப்பு. தடிமனா ஒரு சிஸ்டமேட்டிக் தியாலஜி புக்க, அதாவது கோட்பாடுகள தலைப்பு தலைப்பா அடுக்கி விளக்குற புக்க எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து படிச்சேன், திரித்துவம், கிறிஸ்துவோட இரண்டு தன்மைகள் (கடவுள் தன்மை, மனுஷத் தன்மை)னு எல்லாம் பதிலா அடுக்கி வச்சிருந்தாங்க, கேள்வி என்னன்னே தெரியாம பதில மனப்பாடம் பண்ற மாதிரி இருந்துச்சு. மூணாவது அத்தியாயத்தோட மூடி வச்சிட்டேன்.

அப்புறம் 4ஆம் நூற்றாண்டு வரலாறு படிச்சப்ப தான் கேள்வியே புரிஞ்சுது. அலெக்சாண்டிரியாவுல ஆரியுஸ்னு ஒரு குரு, குமாரனும் படைக்கப்பட்டவர் தான், அவர் இல்லாத ஒரு நிலை இருந்துச்சுன்னு போதிக்கிறார். அதுக்காகத் தான் 325ல ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவுல ஆயர்களக் கூட்டுறார், குமாரன் பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு முடிவாகுது. பின்னாடி அலெக்சாண்டிரியாவுக்கு ஆயரான அத்தனாசியுஸ் இதுக்காக வாழ்க்கை முழுக்க வாதாடுனார், அவர் கேட்டதோட சாரம் இதான்: படைக்கப்பட்ட ஒருத்தர் எப்படி நம்மள கடவுளோட சேர்க்க முடியும்? இத படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா அதுவரைக்கும் திரித்துவத்த ஒரு கணக்குப் புதிர் மாதிரி தான் நினைச்சிருந்தேன், அது இரட்சிப்ப பத்தின கேள்வின்னு யாரும் எனக்கு சொல்லல.

ராஜா சொன்னார், சபை தலையாட்டுச்சுன்னு நிறைய பேர் எழுதுறாங்க. அப்படி இருந்தா 325லயே எல்லாம் முடிஞ்சிருக்கணுமே. 337ல கான்ஸ்டன்டைனுக்கு மரணப் படுக்கையில ஞானஸ்நானம் கொடுத்ததே ஆரியுஸுக்கு ஆதரவா இருந்த ஆயர் தான், அத்தனாசியுஸ அஞ்சு தடவ நாடு கடத்துனாங்க, கிட்டத்தட்ட 17 வருஷம் அவர் சபையில அவரே இல்ல. பைபிள்ல எந்த புக்கு இருக்கணும்னு நிசேயாவுல தான் முடிவு பண்ணாங்கன்னு சொல்றதும் தப்பு, அங்க போட்ட 20 விதிகள்ல அதப் பத்தி ஒன்னுமே கிடையாது. புதிய ஏற்பாட்டோட அதே 27 புக்கையும் வரிசையா சொல்ற, நமக்குக் கிடைச்சதுலயே பழைய பட்டியல் அத்தனாசியுஸ் 367ல எழுதின ஈஸ்டர் கடிதத்துல இருக்கு.

வலிச்ச இடமும் உண்டு. 431ல எபேசுவுல கூடுன சங்கத்துல, அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேர்றதுக்கு முன்னாடியே கூட்டத்த ஆரம்பிச்சு, கிறிஸ்துவ பத்தின போதனைக்காக கான்ஸ்டான்டினோபிள் ஆயர் நெஸ்டோரியஸுக்கு பதவி நீக்கத் தீர்ப்பு கொடுத்துட்டாங்க, அவர ஒதுக்காத கிழக்கத்திய சபைக்கு (இன்னிக்கு அசீரிய சபைன்னு சொல்றாங்க) நெஸ்டோரியன்னு பேர் ஒட்டிக்கிச்சு. 1994ல தான் ரோமன் கத்தோலிக்க சபையும் அந்த அசீரிய சபையும் கிறிஸ்துவ பத்தி நம்ம ரெண்டு பேர் விசுவாசமும் ஒன்னுன்னு கையெழுத்து போட்டாங்க, 1563 வருஷம் கழிச்சு. இத படிச்சு எனக்கு விசுவாசம் போகல, அடுத்த சபைக்காரங்கள பத்தி பேசும்போது வாய அடக்கிக்கணும்னு தான் தோணுச்சு.

உங்களுக்கு நான் சொல்றது, தடி புக்கெல்லாம் அப்புறம். நிசேயாவுல போட்ட 325 விசுவாசப் பிரமாணத்தையும், கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தோட 381 பிரமாணத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா படிங்க. முதல்ல இருக்கறதுல பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்னு அவ்வளவு தான் இருக்கும், ரெண்டாவதுல ஜீவனக் கொடுக்கிறவர், பிதாவோடயும் குமாரனோடயும் தொழுதுகொள்ளப்படுறவர்னு நீளும். நடுவுல அந்த 56 வருஷம் என்ன நடந்துச்சுன்னு தேடுங்க, உங்க முதல் பாடம் அங்க இருக்கு.