விரிசல் கண்டதற்காக ஷெர்மன் மின்டன் பாலத்தை முழுதாக மூடியது ஏன்?

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல், கென்டக்கியின் லூயிவில் நகரையும் இண்டியானாவின் நியூ ஆல்பனியையும் இணைக்கும் இரட்டை அடுக்குப் பாலம் இது. 1962-இல் கட்டி முடித்தது. 2011 செப்டம்பர் 9 அன்று மூடினார்கள், 2012 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். பலருக்கு அது மிகையாகத் தெரிந்தது. என் கணக்கில் வேறு வழியே இல்லை, விரிசல் இருந்த உறுப்பு அப்படி.

வளைவின் மேல் பாரம் ஏறினால் இரு கால்களும் வெளியே விரியப் பார்க்கும். நயாகராவின் ரெயின்போ பாலம் (1941) மாதிரி கரையில் பாறை இருந்தால் அந்த உதைப்பைப் பாறை வாங்கிக்கொள்ளும். ஒஹாயோவில் வளைவு உட்கார்ந்திருப்பது தூண்கள் மேல். அவற்றால் பக்கவாட்டு உதைப்பைத் தாங்க முடியாது. ஆகவே 244 மீட்டர் வளைவின் கால்களை இழுவை உத்தரத்தால் கட்டிவிட்டார்கள். வில்லுக்கு நாண் போல. வளைவிலிருந்து பாதையைத் தூக்கிப் பிடிக்கும் தொங்கு கம்பி ஒன்று போனால் பக்கத்துக் கம்பிகள் தாங்கும். நாண் அறுந்தால் வளைவு விரிந்து இறங்கிவிடும்.

விரிசல் கண்ட அந்த நாணில் டி-1 என்ற உயர்வலு எஃகு இருந்தது. சாதாரணப் பாலத்து எஃகு 250 மெகாபாஸ்கல் (பரப்புக்கு இவ்வளவு விசை என்ற அளவு) இழுப்பில் நெகிழும். இது 690 வரை தாங்கும். எடை மிச்சம், அதனால் அன்று எல்லோரும் விரும்பினார்கள். ஆனால் வெல்டிங்கில் ரொம்பத் தொல்லை கொடுக்கும். தகட்டை முன்கூட்டியே சூடாக்காவிட்டாலோ, எலக்ட்ரோடில் ஈரம் இருந்தாலோ, ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். வெல்டிங் முடிந்து ஆறி, ஓரிரு நாள் கழித்துக்கூட மயிரிழை விரிசல் விடும். அன்றைய எக்ஸ்ரேயில், விரிசல் கதிரின் திசையிலேயே நிற்காவிட்டால், படத்தில் விழாது. இங்கே கண்டவையும் கட்டிய நாளிலிருந்தே கிடந்தவைதான். இப்போதென்றால் பெயின்டைச் சுரண்டி, காந்தத்தூள் தூவி, அல்ட்ராசோனிக்கும் வைத்துப் பார்ப்பார்கள்.

"விரிசலை வெல்டு பண்ணி அடைக்கலாமே?" அங்கேதான் தவறுவார்கள். பாரம் சுமந்து நிற்கும் டி-1 மேல் மறுபடி சூடு பட்டால் புது விரிசல். இங்கே நாண் நெடுகத் தகடுகளைச் சேர்த்து, உயர்வலு போல்ட்டால் முறுக்கினார்கள்; பழைய வெல்டு விட்டுப்போனாலும் இழுவிசை தகடு வழியே போகும். ஆயிரம் டன்னுக்கு மேல் எஃகு போனது, அவ்வளவு மாதம் ஆனதும் அதனால்தான்.

மெம்ஃபிஸில் மிசிசிப்பி மேலுள்ள ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில் (1973) இதே எஃகு, இதே வெல்டு. 2021 மே மாதம் நாணே கிட்டத்தட்டத் துண்டாகிக் கிடந்ததைப் பார்த்தார்கள். அதன் பிறகு மற்ற மாநிலங்களிலும் டி-1 வெல்டுகளைத் தேடிச் சோதித்தார்கள்.