கோடையில் கறவை மாட்டுக்கு என்ன கொடுக்கலாம்? கேள்வி பதில்

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் மாட்டுக்கு எமன். வியர்வை காயாத காற்றில் உடல் சூடு வெளியேற வழியில்லை. கால்நடை மருத்துவன் என்ற முறையில், அக்னி நட்சத்திர நாட்களில் மாடு வளர்ப்போர் என்னிடம் கேட்டவற்றில் சில இங்கே.

திருவொற்றியூரில் இரண்டு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன், ஐயா. பத்து லிட்டர் கறந்தது ஏழாகிவிட்டது, கொழுப்பும் இறங்கிவிட்டது. ஆப்பசோடா கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மூச்சிரைக்கும் மாடு வாய் ஒழுக நிற்கிறதல்லவா? வயிற்றின் புளிப்பை அடக்கும் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடாவில் இருக்கும் அதே சத்து, அந்த எச்சிலில்தான் இருக்கிறது. உள்ளே போக வேண்டியது தரையில் சொட்டுகிறது. போதாததற்கு, இரைப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைய, அதைச் சரிக்கட்டச் சிறுநீரகமும் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. அசை போடுவதும் குறைகிறது. வயிறு புளித்தால் பாலில் கொழுப்பு இறங்கத்தான் செய்யும். நாளுக்கு 50 கிராமில் தொடங்கி, சில நாட்களில் 100 முதல் 150 கிராம் வரை ஏற்றுங்கள். இரண்டு வேளையாகப் பிரித்து, தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தில் நன்றாகக் கலக்க வேண்டும். கன்று ஈனக் கடைசி மூன்று வாரத்தில் இருக்கும் சினை மாட்டுக்கு மட்டும் வேண்டாம். ஈன்றதும் பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய், வரும் ஆபத்து கூடும்.

மண்டபத்தில் மிஞ்சும் சோற்றைப் போடுகிறேன். சோடா சேர்த்தால் சரியாகுமா?

ஆகாது, அம்மா. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்துங்கள். ஒரு கோடையில், விருந்துச் சோறு ஒரு அண்டா தின்ற பசுவைப் பார்க்கப் போனேன். இடது விலாப் பக்கம் கையை வைத்து அழுத்தினால் பிசைந்த மாவு போல் குழிந்தது. சாணம் புளித்த வாடையோடு தண்ணீராய்ப் போனது. மறுநாள் அது எழவே இல்லை. வைக்கோலும் பசும்புல்லும் முதலில் வயிற்றில் இருக்க வேண்டும்.

தாது உப்பு எவ்வளவு?

கறவை மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம், கூடவே சாதாரண உப்பு 30 கிராம். மாட்டு வியர்வையில் சோடியத்தைவிடப் பொட்டாசியமே அதிகம் போகிறது. உப்பு அதை ஈடுகட்டாது. பசும்புல்லில் பொட்டாசியம் நிறைய உண்டு. மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ‘தானுவாஸ்’ தாது உப்புக் கலவை நம்பி வாங்கலாம்.

கால்சியம் டானிக் சூட்டைத் தணிக்குமா?

தணிக்காது. பாட்டிலை வாயில் செருகி ஊற்றுவதும் ஆபத்து. இரைக்கும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பைபாஸ் கொழுப்பு வாங்கலாமா, டாக்டர்?

அசைபோடும் வயிற்றில் கரையாமல் தாண்டிப்போய்க் குடலில் செரிக்கும் கொழுப்புத் தீவனம் அது. அதிகம் கறக்கும் மாடென்றால் நாளுக்கு 100 முதல் 150 கிராம் கொடுங்கள். வைக்கோல் போன்ற நார்த்தீவனம் செரிக்கும்போது எழுவதைவிட இது செரிக்கும்போது எழும் சூடு குறைவு. குறைவாகக் கறக்கும் மாட்டுக்கு அந்தப் பணத்தைப் புல்லுக்குச் செலவிடுங்கள்.

எல்லாம் கொடுத்தும் மாடு தின்னவில்லை, சார்.

எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், தம்பி? தின்ற மூன்று, நான்கு மணி நேரத்தில்தான் வயிற்றுச் சூடு உச்சத்துக்கு ஏறும். காலை பத்து மணித் தீவனம் உச்சி வெயிலோடு சேர்ந்துகொள்கிறது. விடிவதற்குள் ஒரு பங்கு, பொழுது சாய்ந்தபின் பெரும்பங்கு என்று மாற்றுங்கள். நிழலில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும். நாளுக்கு 100 லிட்டர் குடித்தாலும் வியப்பில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் உடனே உடம்பை நனைத்து மின்விசிறியைப் போடுங்கள். விசிறி இல்லாமல் நனைத்தால், நம் கடற்கரைப் புழுக்கத்தில் அந்த ஈரம் காயாமல் மாட்டின் மேலேயே நிற்கும்.