ரீகால் கடிதம் எனக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: 2021 மாடல் புல்லட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அந்த வருட வண்டிகளில் ஏதோ எலெக்ட்ரிக்கல் கோளாறு என்று கம்பெனியே திரும்ப அழைத்ததாக நண்பர் சொல்கிறார். எனக்குக் கடிதமோ எஸ்எம்எஸ்ஸோ வரவில்லையே?
– திருச்சி வாசகர்

பதில்: வந்திருக்காது. கம்பெனியிடம் இருப்பது பெரும்பாலும் முதல் ஓனரின் போன் நம்பர்தான். அதனால் உங்கள் உரிமை போய்விடவில்லை. ரீகால், அதாவது கோளாறான வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது, சேசிஸ் நம்பரை (வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) வைத்து நடப்பது. வண்டி எத்தனை கை மாறினாலும் செல்லும்.

நண்பர் சொல்வது 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்ட் அறிவித்த ரீகாலாக இருக்கும். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியர், கிளாசிக், புல்லட் வண்டிகளில் மொத்தம் 2,36,966. இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் கோளாறு. வண்டி மிஸ்ஃபயர் ஆகும் (எரிபொருள் சரியாகப் பற்றாமல் திக்கும்), இழுவை குறையும், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட் வரை போகலாம். பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்று கம்பெனி அப்போது சொன்னது. அந்தப் பத்தில் உங்களுடையது இல்லை என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைச் சொல்லி, "ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. லேபர் சார்ஜ் என்று இழுத்தால், ஜாப் கார்டில் 'ரீகால்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

அப்புறம், ஹெட்லைட்டை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வயர்கள் கொத்தாகக் கிடக்கும். பழைய ஓனர் ஃபாக் லேம்ப்புக்காக அங்கே வயரை உரித்து டேப் சுற்றியிருந்தால், எந்த ரீகாலும் அதைச் சரிசெய்யாது.

கேள்வி: என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை சார்ஜ் போட்டால் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. "புது வண்டி, அப்படித்தான்" என்கிறார் டீலர். ரீகால் வரும்வரை பொறுக்க வேண்டுமா?
– சேலம் வாசகி

பதில்: பொறுக்கவே கூடாது. இன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். வண்டியை வாசல் படி அருகிலிருந்து வெளியே தள்ளி நிறுத்துங்கள். நம் வீடுகளில் பிளக் பாயின்ட் இருக்கிறதென்று கதவோரத்தில்தான் சார்ஜ் போடுகிறோம். தீ பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

ரீகாலை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரலே போதும். ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் திரும்ப அழைத்தன. ஒகினாவா தேடியது கனெக்டர் லூசாக இருக்கிறதா, சேதமாகியிருக்கிறதா என்பதைத்தான். ஆனால் வண்டிகள் தெருவில் எரிந்த பிறகுதான் இரண்டுமே நடந்தன.

டீலரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. கருகிய பிளக்கைப் போட்டோ எடுத்து, சேசிஸ் நம்பரோடு கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிட முடியும். அதற்கு ஒரு முக்கிய ஆதாரம் உங்களைப் போன்றவர்கள் எழுத்தில் தரும் புகார்கள். பேட்டரியை வெளி மெக்கானிக்கிடம் மட்டும் திறக்கக் கொடுக்காதீர்கள். அப்புறம் கம்பெனி, "சீல் உடைந்திருக்கிறது" என்று கையை விரித்துவிடும்.